பனியில் பறவைகளைப் படம் எடுக்க: மதுரைக் கண்மாயிலிருந்து இமயச் சரிவு வரை

போன மாசியில் என் தங்கை மகன் சோப்தாவிலிருந்து ஒரு படம் அனுப்பினான். உத்தரகாண்ட் மலைச்சரிவில் முழங்கால் அளவு வெண்பனி. அதில் ஓர் ஆண் மோனல், இமயமலையின் கோழியினப் பறவை, நிற்கிறது. அந்தப் பறவையைப் பார்ப்பதற்கென்றே மூன்று வருஷம் காசு சேர்த்தவன் அவன். பறவை தெளிவாக விழுந்திருந்தது. ஆனால் பனி முழுக்கச் சிமெண்ட் நிறம். மோனலின் கழுத்தில் மின்ன வேண்டிய பச்சையும் செம்பும் கறுத்துக் கிடந்தன. "மாமா, பனி ஏன் சாம்பலா இருக்கு? கேமரா கெட்டுப்போச்சா?" என்று கீழே எழுதியிருந்தான்.

கேமரா கெடவில்லை. பல வருஷத்துக்கு முன்பு ஒரு மார்கழிக் காலையில் சாமநத்தம் கண்மாயில் நான் எடுத்த நூற்றுச் சொச்சம் படங்களும் இதே சாம்பல் நிறத்தில்தான் வந்தன. அங்கே விழுந்திருந்தது வெண்பனி அல்ல, மூடுபனி. தமிழில் இரண்டுக்கும் பனி என்ற ஒரே சொல்தான். கேமராவும் இந்த இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்கிறது. அதனால் மதுரைக்காரர்களுக்கு நான் சொல்வது இது: இமயமலைக்கு டிக்கெட் போடுவதற்கு முன் ஒரு மார்கழி, தை முழுக்க நம் கண்மாய்க் கரையில் பழகுங்கள். வெளிச்சம், ஃபோகஸ், பொறுமை எல்லாவற்றையும் இங்கேயே படித்துவிடலாம். வெண்பனிக்கென்று தனியாகக் கற்க வேண்டியது கொஞ்சம்தான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

வெள்ளையைக் கேமரா எப்படிப் படிக்கிறது

இதை முதலில் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு எதிரே இருப்பது பனியா, கரியா, எருமையா என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும். ஃபிரேம் முழுக்க வெள்ளைப் பனி இருந்தால், 'வெளிச்சம் அதிகமாக இருக்கிறது' என்று தானாகக் குறைத்துவிடும். வெள்ளை சாம்பலாகிறது, பனிக்கு முன்னால் நிற்கும் பறவை கறுத்துப்போகிறது.

அதனால் நாம் எதிர்த்திசையில் தள்ள வேண்டும். எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் என்று, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு பொத்தானோ சக்கரமோ பெரும்பாலான கேமராக்களில் உண்டு. கண்மாயில் மெல்லிய மூடுபனி என்றால் +0.7, எதிர்க்கரை மறையும் அளவுக்கு அடர்த்தி என்றால் +1 அல்லது +1.3. வெயில் விழும் வெண்பனி என்றால் +1.3 முதல் +2 வரை. மொபைலில் எடுப்பவர்கள் திரையைத் தொட்டதும் வரும் சூரியக் குறியை மேலே இழுத்தால் இதே வேலை நடக்கும்.

இந்த எண்களை மனப்பாடம் செய்வதைவிட ஹிஸ்டோகிராம் பார்க்கப் பழகுவது நல்லது. படத்தின் இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம் அது. வெறும் பனியை மட்டும் ஒரு படம் எடுங்கள். வரைபடத்தின் மேடு நடுவில் நின்றால் சாம்பல்; உங்கள் படம் கெட்டுக்கொண்டிருக்கிறது. மூடுபனிக்கு அந்த மேடு வலப்பக்கம் முக்கால் தூரத்தில் இருக்க வேண்டும். வெண்பனிக்கு இன்னும் வலப்பக்கம், ஆனால் சுவரில் முட்டாமல். முட்டிவிட்டால் அந்த இடத்தில் பனியின் மணல்போன்ற தன்மை போய் வெறும் வெள்ளைத்தாள் ஆகிவிடும். அதை எந்த மென்பொருளும் திருப்பித் தராது.

இதற்கு நேர்மாறான சிக்கலும் நம் கண்மாயிலேயே இருக்கிறது. பனி விலகி, வெயில் பட்டு, கறுத்த தண்ணீரில் ஒரு சின்னக் கொக்கு நிற்கிறது. இப்போது ஃபிரேமில் கறுப்புதான் அதிகம். கேமரா வெளிச்சத்தைக் கூட்டும். கொக்கின் இறகு வரிகள் எல்லாம் எரிந்துபோகும். இங்கே −0.7 அல்லது −1 போக வேண்டும். ஆறே முக்காலுக்கு +1 வைத்த கை ஏழே முக்காலுக்கு −1 வைக்க வேண்டியிருக்கும். பலர் காலையில் வைத்ததை மாற்ற மறந்துவிட்டு, வெயில் வந்தபின் எடுத்த கொக்குப் படங்களை எல்லாம் இழக்கிறார்கள். அதிக வெளிச்சத்தைச் சிமிட்டிக் காட்டும் எச்சரிக்கை வசதி இருந்தால் அதை எப்போதும் இயக்கியே வையுங்கள். கொக்கின் முதுகு சிமிட்டினால் உடனே குறையுங்கள்.

நான் இப்போது முழுக்க மேனுவல் முறையில்தான், வெளிச்ச அளவை நானே வைத்து, எடுக்கிறேன். பறக்கும் நாரை கறுத்த கருவேல மரத்துக்கு முன்னாலிருந்து வெள்ளை வானத்துக்கு வரும்போது, அதன்மேல் விழும் வெளிச்சம் மாறுவதில்லை, பின்னணி மட்டும்தான் மாறுகிறது. தானியங்கி முறை பின்னணியைப் பார்த்து ஏமாறும், மேனுவல் ஏமாறாது. ஆனால் பனிக்காலையில் வெளிச்சம் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மாறுவதால், வெறும் பனியை ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராமைச் சரிபார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

எப்போது, எந்தக் கண்மாய்

வடகிழக்குப் பருவமழை கண்மாய்களை நிரப்பிவிட்டு ஓய்வது மார்கழி வாக்கில். அதிலிருந்து மாசி நடு வரை நமக்குப் பனிக்காலம். இதே மாதங்களில்தான் சைபீரியா, மத்திய ஆசியா, இமயமலை என்று நிஜப் பனியிலிருந்து தப்பி வந்த விருந்தாளிகள் இங்கே இருக்கிறார்கள். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, பொரி உள்ளான், மஞ்சள் வாலாட்டி, மீசை ஆலா, சேற்றுப் பூனைப்பருந்து, பழுப்புக் கீச்சான் எல்லாவற்றையும் இப்போது பார்க்கலாம். கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தைக்குத்தி நாரை, அன்றில், கரண்டிவாயன் போன்றவையும் தண்ணீர் இருக்கும் இடங்களில் கூடும்.

முதன்முதலாகப் போகிறவர்களுக்கு வண்டியூர் கண்மாயைச் சொல்வேன். மாட்டுத்தாவணியிலிருந்து பக்கம். நடைப்பயிற்சிக்கு ஆள் வந்துபோவதால் அங்குள்ள பறவைகள் மனிதருக்குப் பழகியவை. கையும் கண்ணும் பழக அது போதும். அடுத்து சாமநத்தம் கண்மாய், நகருக்குத் தென்கிழக்கே. பரந்த நீர், ஓரத்தில் கோரை, நடுவில் மரங்கள். மூடுபனிப் படத்துக்கு இந்த மூன்றும் வேண்டும்.

மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி வேறு வகை. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம், பரப்பு சுமார் 193 ஹெக்டேர். ஏழு குன்றுகளும் அவற்றின் அடியில் சுனைகளும் கண்மாய்களும் கொண்டது. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லி கழுகு ஆகியவை பதிவான பாறைகள் அவை. பனி கீழே வயலில் தங்கி, பாறை மட்டும் மேலே எழுந்து நிற்கும் காலை ஒன்று கிடைத்தால், பறவை எவ்வளவு சின்னதாக விழுந்தாலும் படம் நிற்கும்.

சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1977-லிருந்து சரணாலயம். கொள்ளுகுடிப்பட்டி ஊர்மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பனிக்காலத்தில் அங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருக்கும். ஊரே சத்தத்தை விட்டுக்கொடுத்திருக்கும் இடத்தில் ஒரு படத்துக்காக மரத்தடிக்குப் போகாதீர்கள். தாய்ப்பறவை கூட்டைவிட்டு எழுந்தால், குளிரில் முட்டையும் குஞ்சும் திறந்து கிடக்கும், காக்கைக்கும் வழி திறக்கும். கரையில் நின்று எடுப்பதே அங்கே போதும்.

முந்தின இரவே தொடங்குங்கள்

எல்லாக் காலையும் பனி விழாது. இரவு வானம் தெளிந்து, காற்று அசையாமல், ஓரிரு நாள் முன்பு மழை பெய்து மண் ஈரமாக இருந்தால் விழும். தெளிந்த வானத்தில்தான் தரை தன் சூட்டை விட்டுக் குளிரும், தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் குளிராது. அந்த வெதுவெதுப்பான நீர்மேல் குளிர்ந்த காற்று படியும்போது கண்மாய் புகைகிறாற்போல இருக்கும். மேகம் போர்த்திய இரவில் இது நடக்காது. என் கணக்கு எளிது. இரவு பத்து மணிக்கு மொட்டை மாடிக்குப் போய்ப் பார்ப்பேன். நட்சத்திரம் நன்றாகத் தெரிந்து, கொடியில் காயும் துணி அசையாமல் இருந்தால் அலாரம் வைப்பேன். காலையில் பைக் சீட்டைக் கையால் துடைக்கும்போது தண்ணீர் வழிந்தால், கண்மாயில் பனி இருக்கிறது.

கேமராவை ஏசி அறையில் வைத்துத் தூங்காதீர்கள். குளிர்ந்த லென்ஸ் வெளியே ஈரக் காற்றுக்கு வந்ததும் முன்கண்ணாடியில் ஆவி படியும். துடைத்தால் மறுபடி படியும். சூரியன் எழும் அருமையான அரைமணி நேரம் அதிலேயே போய்விடும். பையோடு இரவே கூடத்தில் வைத்துவிடுங்கள்.

மார்கழியிலும் தையிலும் மதுரையில் சூரியன் ஆறரையை ஒட்டி எழுகிறது. ஐந்தே முக்காலுக்குக் கரையில் இருக்க வேண்டும். கூட்டமாக அடைந்த கொக்கும் நீர்க்காகமும் கிளம்புவது சூரியனுக்கு முன்பே.

கையில் என்ன வேண்டும்

இதை நீட்டத் தேவையில்லை. 70-300 மி.மீ. லென்ஸ் போதும், 100-400 அல்லது 150-600 இருந்தால் நல்லது. பெரிய ஜூம் உள்ள பிரிட்ஜ் கேமராவிலும் எடுக்கலாம். பனிக்காலத்தில் நீளமான லென்ஸ் பாதி நேரம் இடைஞ்சல்தான். தூரம் கூடக்கூட இடையில் உள்ள பனியும் கூடும், பறவை கரைந்துபோகும். கேமரா ரா ஃபைலில், அதாவது சுருக்காத மூலக்கோப்பில், எடுக்கட்டும். முக்காலிக்குப் பதிலாகப் பழைய ஜீன்ஸ் காலைத் தைத்து, கம்போ அரிசியோ நிரப்பிய மூட்டை ஒன்று போதும். தரையில் வைத்து லென்ஸைச் சாய்த்தால் அசையாது. பருத்தித் துண்டு ஒன்று, பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று.

உடை மண் நிறம், இலை நிறம். வெள்ளைச் சட்டையும் வேட்டியும் வேண்டாம். காலில் கெட்டியான ஷூ போடுங்கள், சீமைக்கருவேல முள் ரப்பர்ச் செருப்பை ஒரே குத்தில் துளைக்கும். மண் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கடியில் தெரியாது. எனவே தெரியாத கண்மாய்க்குள் இறங்கவே கூடாது. கரைச் சரிவில் இருட்டில் நடக்கும்போது டார்ச் வேண்டும். விரியன் சுருண்டு கிடப்பதும் அங்கேதான்.

எந்தக் கரையில் உட்காருவது

நம் ஊர் நிலம் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. ஆகவே பல கண்மாய்களில் கரை கிழக்குப் பக்கமாகவும், தண்ணீர் மெல்ல ஏறி முடியும் உள்வாய் மேற்கேயும் இருக்கும். காலையில் கரைமேல் நின்றால் சூரியன் நம் முதுகுப் பக்கம். பறவையின் நிறமும் இறகும் தெளிவாகத் தெரியும். பனியோ தட்டையாக, உயிரில்லாமல் இருக்கும். உள்வாய்ப் பக்கம் போய்க் கிழக்கே பார்த்து உட்கார்ந்தால் சூரியன் எதிரே. பனி ஒவ்வொரு திவலையும் பொன்னாக எரியும், கொக்கின் விளிம்பைச் சுற்றி ஒளிக்கோடு ஓடும், கரையில் நிற்கும் பனைமரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மங்கிக்கொண்டே போகும்.

நான் ஆறரை முதல் ஏழேகால் வரை உள்வாயில்தான் இருப்பேன். அதன்பின் மெல்லக் கரைக்கு வந்து சூரியனை முதுகில் வைத்து நிறப் படங்களை எடுப்பேன். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் உள்வாய்.

ஒரு நாள் முன்னதாக மாலையில் போய் இடம் பார்த்துவையுங்கள். மடை எங்கே, கலுங்கு எங்கே, எந்தப் பட்டமரத்தில் எச்சம் வெள்ளையாக வழிந்திருக்கிறது. எச்சம் இருந்தால் தினமும் அங்கே வந்து உட்காரும் பறவை ஒன்று உண்டு. கலுங்கில் தண்ணீர் வழிந்தால் மீன் ஏறும். மீன் ஏறினால் மடையானும் வெண்மார்பு மீன்கொத்தியும் அங்கே நிற்கும்.

நெருங்குவது

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் வாத்து மேய்க்க வந்திருந்த ஒரு பெரியவர். நான் கரையிலிருந்து குனிந்து குனிந்து நீலச்சிறகிக் கூட்டத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். அவை எழுந்து பறந்துவிட்டன. அவர் சொன்னார்: "தம்பி, பம்மிப் போனா நரின்னு நெனச்சுக்கும். எங்களப் பாருங்க, நிமிந்து நடக்குறோம், ஒண்ணும் பறக்கல. போயி ஒரு எடத்துல உக்காருங்க. அதுகளா வரும்."

அவர் சொன்னதில் முழு வித்தையும் இருக்கிறது. கண்மாய்ப் பறவைகள் ஆடு மேய்ப்பவரையும் மீன் பிடிப்பவரையும் தினம் பார்க்கின்றன. நேராகத் தன்னை நோக்கி, கண்ணை எடுக்காமல், பதுங்கி வருகிறவர்தான் அவற்றுக்கு ஆபத்து. எனவே பக்கவாட்டில், வேறெங்கோ போகிறவர்போல நடங்கள். பறவை மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கினால் நீங்களும் நில்லுங்கள். அது மறுபடி மேயத் தொடங்கும்வரை அசையாதீர்கள். வெளிச்சம் வருமுன்பே உட்கார்ந்துவிடுவது எல்லாவற்றிலும் மேல். விடியும்போது நீங்கள் அந்த இடத்தில் ஒரு புதராகிவிட்டிருப்பீர்கள். பொரி உள்ளான் பத்தடிக்குள் வந்து சேற்றைக் கிளறும்.

கேமராவைத் தரைமட்டத்துக்கு இறக்குங்கள். நின்று எடுத்தால் பறவைக்குப் பின்னால் சேறும் தண்ணீரும்தான் தெரியும். படுத்து எடுத்தால் பறவையின் கண்ணுக்குச் சமமாக வருவீர்கள். பின்னணி தூரத்துப் பனியாக மாறிக் கரைந்துவிடும்.

கல்லெறிந்து கூட்டத்தைப் பறக்கவிட்டு எடுப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த பறவை, குளிர்காலையில் தின்றுதான் திரும்பிப் போகும் கொழுப்பைச் சேர்க்கிறது. ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் நாம் அதிலிருந்து எடுக்கிறோம். ட்ரோன் வேண்டாம். மொபைலில் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் வேண்டாம். அழகர்மலை அடிவாரத் தோட்டங்களில் குளிர்காலத்துக்கு வரும் ஆறுமணிக் குருவியைப் படம் எடுக்கப் பலர் இதைச் செய்கிறார்கள். அது தானாகவே காலை, மாலை ஆறு மணியை ஒட்டிக் கூப்பிடும். அந்தப் பெயரே அதனால் வந்ததுதான். மரத்தடிச் சருகு பக்கம் அசையாமல் உட்கார்ந்தால் போதும்.

ஃபோகஸ் பிடிக்காதபோது

பனியில் கேமரா ஃபோகஸ் தேடித் தேடி முன்னும் பின்னும் ஓடும். ஃபோகஸுக்கு அது தேடுவது ஒளிக்கும் நிழலுக்கும் இடையிலான வேறுபாட்டை. பனி அழிப்பதும் அதைத்தான். வெள்ளைக் கொக்கு வெள்ளைப் பனியில் நின்றால் பறவைக் கண்ணைத் தானாகக் கண்டுபிடிக்கும் புதிய கேமராக்களும் திணறும்.

ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாறுங்கள். அந்தப் புள்ளியைக் கொக்கின் வெள்ளை மார்பில் வைக்காமல், கறுத்த அலகு முகத்தைச் சேரும் இடத்திலோ கால் தண்ணீரைத் தொடும் கோட்டிலோ வையுங்கள். அதுவும் பிடிக்காவிட்டால் பறவைக்குச் சமதூரத்தில் உள்ள ஒரு கோரைத் தண்டில் ஃபோகஸ் எடுத்து, பூட்டிவிட்டு, திரும்பி எடுங்கள். லென்ஸின் பக்கத்தில் ஃபோகஸ் தூரத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச் இருந்தால், கிட்டத் தூரங்களைத் தவிர்க்கும் நிலையில் வையுங்கள். தேவையற்ற ஓட்டம் நிற்கும்.

ஷட்டர் வேகத்தைப் பொறுத்தவரை நிற்கும் பறவைக்கு 1/500 நொடி, மேயும் உள்ளானுக்கு 1/1000, பறக்கும் நாரைக்கு 1/1600-க்கு மேல், ஆலாவுக்கும் தகைவிலானுக்கும் 1/2500-க்கு மேல் வேண்டும். லென்ஸ் திறப்பான அபர்ச்சர் எஃப் 5.6 முதல் 8 வரை. பனி மூடிய ஏழு மணியில் 1/500 வைத்தாலே ஐ.எஸ்.ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 1600 முதல் 4000 வரை ஏறும். ஏறட்டும். சரியான வெளிச்சத்தில் எடுத்த 3200, இருட்டாக எடுத்துப் பின்னால் தூக்கிய 800-ஐவிடச் சுத்தமாக இருக்கும். பறக்கும் பறவைகளை வெயில் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம். மூடுபனி இருக்கும் நேரத்தை நிற்கும் பறவைக்கும் மிதக்கும் பறவைக்கும் கொடுங்கள்.

பறவை சின்னதாக இருக்கட்டும்

பனிக்காலப் படத்தில் பறவை ஃபிரேமை அடைத்துக்கொண்டு நின்றால் அது எந்த மாதத்திலும் எடுத்த படம்தான். குளிர் தெரிய வேண்டுமானால் குளிருக்கு இடம் விட வேண்டும். ஜூமைக் குறையுங்கள். கிட்டத்தில் கறுத்த கோரை, நடுவில் ஒற்றை நாரை, அதன்பின் சாம்பலாய்ப் பனைகள், அதற்கும் பின்னால் இருக்கிறதா இல்லையா என்பதுபோல யானைமலை. ஒவ்வொரு அடுக்கும் முந்தியதைவிட மங்கலாக இருப்பதுதான் ஆழம். இதற்கு 30 முதல் 40 மீட்டர் தூரத்துப் பறவையைத் தேர்ந்தெடுங்கள். அது கோடு தெளியும் அளவுக்குக் கறுப்பாக இருக்கும். 100 மீட்டர் பறவை அடர்பனியில் கறையாகிவிடும்.

குளிர் பறவையின் உடம்பிலேயே தெரியும். மடையான் கழுத்தை முழுக்க உள்ளே இழுத்து உருண்டையாக நிற்கும். கொக்கு ஒற்றைக் காலில் நின்று மற்றதை இறகுக்குள் செருகும். முதல் வெயில் பட்டதும் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் சிறகை விரித்துக் காயப்போடும். மின்கம்பியில் பஞ்சுருட்டான்கள் தோளோடு தோள் ஒட்டி, எல்லாம் கிழக்கே பார்த்து உட்காரும். அந்த வரிசையில் ஒன்று சிலிர்க்கும் நொடிக்காக நான் அரைமணி நேரம் காத்திருந்திருக்கிறேன்.

எட்டரைக்கு மேல் தண்ணீர்மேல் காற்று சூடாகி அலைய ஆரம்பிக்கும். தூரத்துப் பறவையின் இறகு எவ்வளவு முயன்றாலும் கூர்மையாக வராது. பலர் லென்ஸ் கெட்டுவிட்டதென்று சர்வீஸுக்குக் கொடுக்கிறார்கள். காரணம் காற்று. அந்த நேரத்தில் கிட்டத்துப் பறவையை மட்டும் எடுங்கள், அல்லது டீக்கடைக்குப் போங்கள்.

வெண்பனிக்குப் போகும் முன் கொடைக்கானல்

மதுரையிலிருந்து மூன்று, நான்கு மணி நேரப் பயணத்தில் உறைபனி இருக்கிறது. தை மாதத் தெளிந்த காலைகளில் கொடைக்கானல் ஏரியைச் சுற்றியுள்ள தாழ்வான புல்வெளிகள் வெளுத்துக் கிடக்கும். அதில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் வாலாட்டியும், வேலிக்கம்பியில் உட்காரும் புதர்ச்சிட்டும் வெண்பனிக்கு நல்ல ஒத்திகை. வெயில் பட்டால் உறைபனி நிமிஷக் கணக்கில் கரையும். அதனால் வெயில் இன்னும் எட்டாத நிழல் பக்கத்தில் முன்கூட்டியே இருக்க வேண்டும். நிழலில் உறைபனி நீலமாக விழும். கொஞ்சம் நீலத்தை விட்டுவையுங்கள், குளிரின் நிறம் அது.

இனி இமயம். சோப்தா, துங்கநாத் சரிவுகளில் டிசம்பரிலிருந்து மார்ச் வரை பனி கிடக்கும். மோனல் அலகால் பனியைத் தோண்டிக் கிழங்கு தேடும், பனிப்புறாக்கள் கூட்டமாகச் சரிவில் இறங்கும். அங்கே நம் கண்மாய்ப் பழக்கத்தோடு இவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏசி அறை விஷயம் அங்கே தலைகீழ். வெளிக்குளிரில் உறைந்த கேமராவைச் சூடான அறைக்குள் கொண்டுபோனால் வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் ஆவி படியும். வெளியிலேயே காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, உள்ளே வந்தபின் இரண்டு மணி நேரம் திறக்காதீர்கள். மெமரி கார்டை மட்டும் வெளியிலேயே கழற்றிக்கொள்ளுங்கள். பேட்டரி குளிரில் சீக்கிரம் ஓய்ந்துபோகும். உபரி பேட்டரிகளைச் சட்டை உள்பையில் உடம்போடு ஒட்டி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். ஓய்ந்தது சூடானதும் இன்னும் கொஞ்சம் படம் தரும். லென்ஸில் விழுந்த பனித்துகளை வாயால் ஊதாதீர்கள், மூச்சின் ஈரம் உறைந்து ஒட்டிக்கொள்ளும். மென்மையான பிரஷால் தட்டுங்கள்.

பனி பொழிந்துகொண்டிருக்கும்போது ஷட்டர் வேகம்தான் படத்தைத் தீர்மானிக்கும். 1/60-ல் துகள்கள் வெள்ளைக் கோடுகளாக இழுபடும், 1/500-க்கு மேல் ஒவ்வொன்றும் புள்ளியாக நிற்கும். ஃப்ளாஷ் வேண்டாம். கிட்டத்துத் துகள்கள் எல்லாம் ஒளிப்பந்துகளாகிப் பறவையை மறைக்கும், பறவையையும் மிரட்டும்.

வெண்பனி தரும் ஒரு கொடையை நம் கண்மாய் தராது. தரையே விளக்காகிக் கீழிருந்து வெளிச்சம் போடுவதால், பறக்கும் கழுகின் அடிச்சிறகு வரிகள்கூட நிழலில் மறையாமல் தெரியும். மேகம் மெல்லியதாக மூடிய பகலில் தலைக்குமேல் போகும் இமயக் கழுகைத் தவறவிடாதீர்கள்.

கணினியில் கெடுக்காமல் இருப்பது

மூடுபனிப் படத்தில் முழுக் கறுப்பு கிடையாது. ஹிஸ்டோகிராமின் இடப்பக்கம் காலியாக இருப்பதுதான் இயல்பு. மென்பொருளின் 'ஆட்டோ' பொத்தானை அழுத்தினால் அது கறுப்பை இழுத்து நிரப்பிவிடும். பனியை நீக்கும் ஸ்லைடர் ஒன்றும் இருக்கிறது. விடியுமுன் எழுந்து எதைத் தேடிப் போனோமோ அதையே அது துடைத்துவிடும். பறவையின்மேல் மட்டும் லேசாகக் கான்ட்ராஸ்ட் கூட்டுங்கள், சூரியனுக்கு முந்திய படங்களில் நீலத்தையும் பிந்தியதில் மஞ்சளையும் அப்படியே விடுங்கள்.

நோட்டு

தங்கை மகன் இந்தத் தையில் ஊருக்கு வந்தபோது மூன்று காலை என்னோடு சாமநத்தத்தில் உட்கார்ந்தான். மூன்றாம் நாள் அவனே வெறும் பனியை ஒரு படம் எடுத்து, மேடு எங்கே நிற்கிறதென்று பார்த்து, +1 வைத்தான். ஊசிவால் வாத்துகள் ஐந்து பனிக்குள்ளிருந்து மிதந்து வந்தன. அவன் ஊருக்குக் கிளம்பும்போது நான் கொடுத்தது ஒரு நாற்பது பக்க நோட்டு மட்டும்தான். தேதி, முந்தின இரவு வானம், காற்று, பனி விலகிய நேரம், எந்தக் கரை, என்ன வெளிச்ச அளவு, எந்தப் பறவை எத்தனை என்று ஏழு பத்தி போட்டிருந்தேன். எண்ணிக்கைப் பத்திக்கு வேறொரு வேலையும் உண்டு. 2015-லிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் அதை அப்படியே சேர்த்துவிடலாம். அவன் எழுதிய முதல் வரி: "தை 4. நட்சத்திரம் நிறைய. காற்று இல்லை. 7:50-க்கு விலகியது. உள்வாய். +1, 1/500, 2500. ஊசிவால் 5, நீலச்சிறகி 40 இருக்கும், விரால் அடிப்பான் 1, படம் இல்லை."

அடுத்த மாசியில் மறுபடி சோப்தா போகிறான். நோட்டும் போகிறது.